ரிமோட் டெஸ்க்டாப்பை மூடியதும் வேலை நின்றுவிடுகிறதா?

வணக்கம். வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலுள்ள கணினியை இயக்கும் வசதி) வழியாக ஆய்வகக் கணினியில் சிமுலேஷனை ஓடவிட்டு இரவில் இணைப்பை மூடுகிறீர்கள், காலையில் பார்த்தால் எல்லாம் நின்றுபோயிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஓர் இரவின் கணக்கீடு வீணாவது சாதாரண எரிச்சல் இல்லை.

எப்படி மூடுகிறீர்கள் என்று முதலில் கவனியுங்கள். விண்டோஸில், திரையின் மேல்பட்டையிலுள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் இணைப்பு மட்டுமே அறும். நிரல் அங்கே ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'சைன் அவுட்' கொடுத்தால் திறந்திருக்கும் அத்தனை நிரல்களும் மூடப்பட்டுவிடும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

சரியாகத்தான் மூடுகிறீர்கள் என்றால், கணினியில் நடந்தவற்றின் பதிவுகளைக் காட்டும் 'ஈவென்ட் வியூவர்' என்ற விண்டோஸ் கருவியைத் திறந்து, சிஸ்டம் பதிவில் 1074 என்ற எண்ணைத் தேடுங்கள். கணினியை அணைத்தது அல்லது மறுதொடக்கம் செய்தது யார், எந்த நேரத்தில் என்று அதில் இருக்கும். நேரில் வந்த மாணவர் அணைத்திருக்கலாம். இரவு அப்டேட்டும் காரணமாகலாம். பதிவில் ஒன்றும் இல்லையா? துண்டிக்கப்பட்ட அமர்வுகளை (இணைப்பு அறுந்த பின்னும் அங்கே திறந்திருக்கும் உள்நுழைவுகளை) குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் முடிக்கும் விதி இருக்கிறதா என்று ஆய்வக நிர்வாகியிடம் கேளுங்கள். அதைச் சுற்றிப்போக வேறு தொலை இணைப்பு மென்பொருளை நீங்களாக நிறுவ வேண்டாம்; கணக்கையே முடக்கிவிடக்கூடும்.

எப்படியிருந்தாலும், இடைநிலை முடிவுகளை அவ்வப்போது கோப்பில் சேமிக்கும்படி நிரலை இன்றே மாற்றிவிடுங்கள்.