கப்பலின் பின்புறத்தில் எழுதிய ஊர்

(கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், ஓய்வுபெற்ற கப்பல் சீஃப் இன்ஜினீயர்)

என் மகன் மும்பைக் கம்பெனி ஒன்றின் கப்பலில் சேர்ந்திருக்கிறான். அவன் அனுப்பிய போட்டோவில் கப்பலின் பின்புறம் 'மன்ரோவியா' என்று இருக்கிறது. அது நம் நாட்டுக் கப்பல் இல்லையா?
– வாசகி ஒருவர், தூத்துக்குடி

முதலாளி நம்மவர், கொடி லைபீரியாவுடையது. கப்பல் எந்த ஊரில் பதிவானதோ அந்த ஊரைத்தான் பின்புறத்தில் எழுதுவார்கள்; மன்ரோவியா லைபீரியாவின் தலைநகரம். பதற வேண்டாம் அம்மா. சுமக்கும் திறனை வைத்துப் பார்த்தால், லைபீரியா, பனாமா, மார்ஷல் தீவுகள் கொடியோடு ஓடும் கப்பல்கள்தான் உலகத்தில் அதிகம். மகனுடைய சி.டி.சி.யில் (கப்பல் பணியைப் பதியும் புத்தகம்) பதிவு ஒழுங்காக விழுகிறதா, ஆள் எடுத்த ஏஜென்சிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற ஆள் எடுக்கும் உரிமம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான் இருந்த கப்பல் ஒன்றுக்கே என் கண்ணெதிரில் கொடி மாறியது. ஊர்ப் பெயரை வெறும் பெயின்டால் எழுதமாட்டார்கள். தகட்டின்மேல் வெல்டிங்கில் எழுத்தை வரப்பு மாதிரி ஏற்றி, அதற்கு வெள்ளை அடிப்பார்கள். டிரைடாக்கில் (தண்ணீரை வடித்துக் கப்பலைப் பழுதுபார்க்கும் இடம்) 'மும்பை'யை கிரைண்டர் வைத்துத் தேய்த்தார்கள். அவசர வேலை. சாயங்கால வெயில் சாய்வாக விழுந்தால் புதுப் பெயருக்கு அடியில் பழைய எழுத்து தெரியும். "புகுந்த வீட்டுக்குப் போனாலும் பச்சை குத்தினது போகுமா?" என்பார் எங்கள் சாரங்கு, டெக் ஆட்களின் மேஸ்திரி.

ஏன் மாற்றினார்கள்? எல்லாம் கணக்குதான். இந்தியக் கொடி என்றால் கப்பல் வாங்கும்போதே ஜி.எஸ்.டி., உள்ளூர் வங்கி வட்டி, விதிமுறைகள். 2004இல் டன்னேஜ் வரி வந்தது. லாபத்தைப் பார்க்காமல் கப்பலின் டன் அளவுக்கு வரி. முதலாளிகளுக்குப் பெரிய ஆறுதல். அப்படியும், நம் ஏற்றுமதி இறக்குமதியில் 1987-88இல் 40.7 சதவீதத்தைச் சுமந்த இந்தியக் கப்பல்கள், 2018-19இல் சுமந்தது சுமார் 7.8 சதவீதம்.

இந்தியக் கொடிக் கப்பல்களுக்கு அரசு கோடிக்கணக்கில் மானியம் தருகிறதே, போதாதா?
– வாசகர் ஒருவர், நாகப்பட்டினம்

2021இல் 5 ஆண்டுகளுக்கு 1,624 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அரசுச் சரக்குக்கான டெண்டரில் வெளிநாட்டுக் கம்பெனி குறைந்த விலை சொன்னால், அதே விலைக்கு ஏற்ற இந்தியக் கப்பலுக்கு முதல் உரிமை உண்டு. அப்படி ஏற்றால் விழும் துண்டை, அந்த விலையில் 15 சதவீதம் வரை அரசு ஈடுகட்டும் என்றது அந்தத் திட்டம். 20 வயதைத் தாண்டிய கப்பலுக்குக் கிடையாது. 2025 செப்டம்பரில் 69,725 கோடிக்கு அடுத்த அறிவிப்பு. அது பெரும்பாலும் கப்பல் கட்டவும் நிதி உதவிக்கும்.

நல்லதுதான். ஆனால் என் கவலை வேறு. வீடு மாற்றும்போது லாரி பேசுகிறவர்தானே எந்த லாரி என்று முடிவு செய்கிறார்? சரக்கை வாங்கும் நம் வியாபாரி 'கொண்டுவந்து சேர்த்துவிடு' என்று, காப்பீடும் கப்பல் வாடகையும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலைக்குப் பேசினால், கப்பலைத் தேர்ந்தெடுப்பது விற்கிறவர். 'கப்பலில் ஏற்றிக் கொடு, மீதியை நான் பார்க்கிறேன்' என்று எஃப்.ஓ.பி.யில் வாங்கினால் கப்பல் பேசுவது நாம். சரக்கு இல்லாமல் கப்பலை மட்டும் வாங்கி நங்கூரம் போட்டு வைத்து என்ன செய்ய?

வ.உ.சி.க்கு அரசு உதவி ஏதாவது கிடைத்ததா?
– அதே வாசகர்

உதவியா! 1906இல் சுதேசிக் கம்பெனி தொடங்கினார். எதிர்க்கம்பெனி கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கியது. 1908இல் அரசு அவரைச் சிறையில் போட்டது. 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியே இல்லை.