பெயர் ஒன்று, கார்டு இரண்டு

கணினித் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு பற்றிய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. சுருக்கித் தந்திருக்கிறேன்.

கல்லூரி மாணவர், தேவிபட்டினம்: மதுரைக் கடையொன்றில் ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ விலை கேட்டேன். நினைவகம் எத்தனை ஜிபி என்றதற்கு, "5060 டிஐ என்றால் 5060 டிஐதான் தம்பி" என்கிறார்கள். ஏறக்குறைய அதே பணத்துக்கு ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி கிடைக்கிறது. விளையாடத்தான் வாங்குகிறேன். எதை வாங்கலாம்?

முதலில் அந்தக் கடையை மாற்றுங்கள், தம்பி. என்விடியா நிறுவனத்தின் 5060 டிஐ என்ற பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2025 ஏப்ரலில் 8 ஜிபி 379 டாலருக்கும், 16 ஜிபி 429 டாலருக்கும் அறிவிக்கப்பட்டன. ஜூனில் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் 9060 எக்ஸ்டியும் அப்படியே: 8 ஜிபி 299, 16 ஜிபி 349 டாலர். இரண்டு நிறுவனங்களும் ஒரே பெயரை இரண்டு பொருளுக்கு வைத்திருக்கின்றன. கடைக்காரர் சொன்ன பதில் அந்தப் பெயர் கொடுத்த துணிச்சல்.

இதில் என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 5060 டிஐ தன் சொந்த நினைவகத்திலிருந்து வினாடிக்கு 448 ஜிபி தரவை எடுக்கும். விளையாட்டுக்கு 8 ஜிபி போதாமல் போனால், மிச்சத்தைக் கணினியின் ராமிலிருந்து மதர்போர்டு வழியாக இழுக்க வேண்டும். அந்தப் பாதை புதிய போர்டில் சுமார் 32 ஜிபி. பிசிஐஇ 3.0 (கார்டு செருகும் இணைப்பின் பழைய தலைமுறை) உள்ள போர்டில் சுமார் 8 ஜிபிதான், ஏனென்றால் இந்தக் கார்டு அந்த இணைப்பின் 16 தடங்களில் எட்டை மட்டுமே பயன்படுத்துகிறது. படம் தட்டித் தடுமாறுவது அங்கேதான். 9060 எக்ஸ்டி 16 தடங்களையும் பயன்படுத்துவதால் பழைய போர்டுக்காரர்களுக்குக் கூடுதல் வசதி. பழைய போர்டை மாற்றப் பணமில்லாதவர்தான் விலை குறைந்த 8 ஜிபி கார்டைத் தேடி வருகிறார். அடியும் அவருக்கே அதிகமாக விழுகிறது.

இது புதிய பழக்கமும் அல்ல. 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வகையில் நினைவகம் மட்டும் குறையவில்லை. கணக்குப் போடும் அலகுகளான கோர்களும் 1280-க்குப் பதில் 1152தான் இருந்தன. 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகையிலும் கோர் குறைவு, நினைவகப் பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகக் குறுகியது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரிலேயே 12 ஜிபி, 16 ஜிபி என்று இரண்டு வேறு சிப்களை அறிவித்தார்கள். வாங்குவோர் கொதித்தெழுந்ததும் அக்டோபரில் 12 ஜிபியைத் திரும்பப் பெற்று, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி விற்றார்கள். கேட்டால் மாற்றுவார்கள். கேட்கத்தான் ஆளில்லை.

நானும் இதில் பணம் இழந்தவன். விமர்சனங்களில் படித்த அதே பெயர் பெட்டியில் இருக்கிறது என்று நம்பி ஒரு கார்டு வாங்கினேன். உள்ளே இருந்தது மெதுவான நினைவகம் போட்ட வேறு வகை. "பெயர் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டார். பில்லிலும் பெயர் மட்டுமே இருந்ததால் மேற்கொண்டு பேச வழியில்லை. பெயர், நினைவக அளவு, சீரியல் எண் மூன்றும் பில்லில் ஏற வேண்டும் என்று நான் ஓயாமல் எழுதுவது அதனால்தான். பில் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

உங்களுக்கு 9060 எக்ஸ்டி 16 ஜிபி. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் வேலையும் பார்ப்பீர்கள் என்றால் 5060 டிஐ 16 ஜிபி. 379 டாலருக்கு வந்த அந்த 8 ஜிபி வகை யாருக்கும் வேண்டாம்.

வாசகர், ராமேசுவரம்: 2016-இல் வாங்கிய ஐ5 கணினிக்கு இன்டெல் ஆர்க் பி580 போடலாமா? 249 டாலருக்கு 12 ஜிபி என்பது ஆசையாக இருக்கிறது.

வேண்டாம். அந்தக் கார்டுக்கு ரீசைஸபிள் பார் (கார்டின் நினைவகம் முழுவதையும் ப்ராசசர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) கட்டாயம். உங்கள் கணினி அதற்கு முந்தியது.

மீனவர் ஒருவர், தொண்டி: மகன் ஆசைப்பட்டான் என்று சமூக ஊடக விளம்பரம் பார்த்து 1050 டிஐ 4 ஜிபி வாங்கினேன். பணத்தை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். மகன் ஜிபியு-இசட் என்ற சோதனை மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் "போலி" என்று காட்டுகிறது. இப்போது அந்த எண் எடுக்கப்படுவதே இல்லை.

உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை அய்யா. பழைய, மலிவான சிப் உள்ள கார்டில் பயாஸை (கார்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) மாற்றி எழுதி 1050 டிஐ என்று சொல்ல வைக்கிறார்கள். கணினியில் செருகினால் விண்டோஸும் அந்தப் பெயரையே காட்டும், கடைக்காரர்களே ஏமாந்திருக்கிறார்கள். மகன் சோதித்துப் பார்த்தது நல்ல காரியம். இன்றே 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். நாள் கடக்கக் கடக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். விளம்பரம், உரையாடல், பணம் அனுப்பிய ரசீது, ஜிபியு-இசட் திரை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார்டை வேறு யாருக்கும் விற்றுவிட வேண்டாம், அது சான்று.

வாசகர், மண்டபம்: ஆர்டிஎக்ஸ் 5060 வாங்கிப் பிரித்துவிட்டேன். கேபினெட்டில் நீளம் கொள்ளவில்லை. பவர் சப்ளையில் 8 முனை இணைப்பும் இல்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மறுக்கிறார். வழக்குப் போடலாமா?

கூடாது. கார்டில் குறையில்லை. நீளம் எவ்வளவு என்பதும், 145 வாட் கார்டுக்கு 550 வாட் பவர் சப்ளை வேண்டும் என்பதும் வாங்கும் முன்பே படித்திருக்க வேண்டியவை. முப்பதாயிரம் ரூபாய் அளவுக்குச் செலவு செய்பவர் ஸ்கேல் வைத்து அளக்காமல் போனதற்குக் கடைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? நல்ல பவர் சப்ளையும் கேபினெட்டும் வாங்குங்கள். இணைப்பு மாற்றிகளைப் போட்டுப் பழைய சப்ளையிலேயே ஓட்டிவிடாதீர்கள்.

கணினி மையம் நடத்துபவர், தங்கச்சிமடம்: கடையிலிருந்து கடல் தெரியும். மூன்று ஆண்டு வாரண்டி உள்ள கார்டு ஒன்றரை ஆண்டில் படம் காட்டுவதை நிறுத்திவிட்டது. துரு இருக்கிறது, வாரண்டி செல்லாது என்று சேவை மையம் திருப்பி அனுப்பிவிட்டது.

வயிற்றெரிச்சலான விஷயம். நம் கரையில் இரும்பு எதுவும் தப்புவதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினாலே படிந்த உப்பு தானாக நீர்த்து உப்புநீராகிவிடும். முதலில் பின்பக்கத் தகட்டின் ஓரம் பழுப்பாகும், திருகுத் தலைகள் பொரியும், பிறகு செம்பு தெரியும் இடங்களில் பச்சை பூக்கும்.

ஆனால் துரு இருந்தது வேறு, துருவினால் கெட்டது வேறு. எந்தப் பாகம் கெட்டது, அதற்குத் துருதான் காரணமா என்பதைப் படத்துடன் எழுத்தில் கேளுங்கள். தகட்டில் மட்டும் பழுப்பு இருந்து, சிப்போ நினைவகமோ பழுதாகியிருந்தால் அவர்கள் மறுப்பது நியாயமில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், விற்றவர் சென்னையில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே மனு செய்யலாம்.

மற்ற கணினிகளை வாடைக்காற்று நேராக அடிக்கும் ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளுங்கள். கடை மூடும் நாட்களிலும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். சூடான பலகையில் ஈரம் தங்காது.

திருமண வீடியோ எடுப்பவர், உச்சிப்புளி: எடிட்டிங் திணறுகிறது. எந்தக் கார்டு வாங்கலாம்?

உங்கள் கேமரா 4:2:2 10 பிட் என்ற, நிறத் தகவல் கூடுதலாக உள்ள வடிவில் பதிவு செய்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசை அதை வன்பொருளிலேயே பிரித்துக் கொடுக்கும். முந்தைய 40 வரிசை கொடுக்காது. ஆனால் கோப்பு ஹெச்இவிசி என்ற சுருக்க முறையில் இருந்து, கணினியில் 11-ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆன இன்டெல் டெஸ்க்டாப் சிப் இருந்தால், அதிலுள்ள உள்ளமை கிராபிக்ஸே அந்த வேலையைச் செய்யும். பெயர் எஃப் என்று முடியும் சிப்களில் மட்டும் அது இல்லை. செலவில்லாமல் முடியக்கூடியதை முதலில் முயன்று பாருங்கள்.

வாசகி, கீழக்கரை: துபாயிலிருந்து வரும் காக்கா (அண்ணன்) கார்டு வாங்கி வருவதாகச் சொல்கிறார். அங்கே விலை குறைவு. வாங்கி வரச் சொல்லலாமா?

வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பலவற்றில் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். கடையில் பெட்டியின் மேலுள்ள சீரியல் எண்ணைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த நிறுவனத்தின் இந்தியச் சேவை மையத்துக்கு மின்னஞ்சல் போட்டு, செல்லும் என்று எழுத்தில் பதில் வந்த பிறகு காக்கா பணம் கொடுக்கட்டும்.