காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: குழந்தைக்கு ஆக்குபேஷனல் தெரபி

கேள்வி: மகனுக்கு நான்கரை வயது. பென்சிலைச் சரியாகப் பிடிப்பதில்லை, வகுப்பில் உட்காருவதில்லை என்று சொல்லி, ஆக்குபேஷனல் தெரபிக்கு, அதாவது அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சிக்கு, அனுப்பச் சொல்கிறார்கள் பள்ளியில். வீட்டருகே மையம் இருக்கிறது. நேராகச் சேர்த்துவிடலாமா?
- ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: முதலில் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். கண், காது சோதனையையும் முடித்துவிடுங்கள். காது மந்தமான பிள்ளைக்கும் ‘சொன்ன பேச்சு கேட்க மாட்டான்’ என்ற பெயர்தான் கிடைக்கிறது. பென்சில் பிடி பல பிள்ளைகளுக்கு ஐந்து, ஆறு வயதில்தான் படியும். அது ஒன்றுக்காகப் பதற வேண்டாம். தானே சாப்பிடுகிறானா, பொத்தான் போடுகிறானா, மிக்சி சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறானா என்பதையும் கவனித்து எழுதிக்கொண்டு போங்கள்.

மையத்தில் மதிப்பீடு செய்பவர் பி.ஓ.டி. அல்லது எம்.ஓ.டி. (இந்தத் தெரபிக்கான இளநிலை, முதுநிலைப் பட்டங்கள்) படித்தவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சில வாரப் பயிற்சிச் சான்றிதழைச் சுவரில் மாட்டியவரும் தன்னை ‘தெரபிஸ்ட்’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார். மதிப்பீடு எழுத்தில் வேண்டும். ‘கவனம் கூடும்’ என்பதெல்லாம் இலக்கு ஆகாது. ‘மூன்று மாதத்தில் கரண்டியால் தானே சாப்பிடப் பழகுவான்’ என்று எழுதித் தரட்டும்.

கேள்வி: எத்தனை வகுப்பில் பிள்ளை பேசத் தொடங்குவான்?
- தக்கலை வாசகர்

பதில்: பேச்சுக்குப் பேச்சுப் பயிற்சியாளர் வேறு இருக்கிறார், நாள் குறித்து உறுதி தருபவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

கேள்வி: இணையத்தில் விமர்சனம் பார்த்து எடை வைத்த மேலங்கியும் ஊஞ்சலும் 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். பிள்ளை தொடவே மாட்டேன் என்கிறான்.
- ஒரு தந்தை, குளச்சல்

பதில்: பிள்ளையைப் பார்த்த ஒருவரையும் கேட்காமல், பார்க்காத பத்துப் பேரின் நட்சத்திரக் குறியை நம்பினீர்கள். எடை அங்கியால் கவனம் கூடும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் பலவீனமானது. திருப்பி அனுப்பும் கெடு முடியவில்லை என்றால் இன்றே அனுப்புங்கள். என் வீட்டுப் பரணிலும் ஒரு கழுத்து மசாஜ் இயந்திரம் கிடக்கிறது. அதற்கும் ஐந்து நட்சத்திரம்தான். சப்பாத்தி மாவு பிசையவும் துணிக்குக் கிளிப் மாட்டவும் பிள்ளையை விடுங்கள். விரலுக்கு வேலை, காசும் மிச்சம்.

கேள்வி: நாற்பது வகுப்புக்கு 24,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். ஆறாவது வகுப்போடு பயிற்சியாளர் போய்விட்டார். இப்போது யாரோ ஒரு பெண் பந்து உருட்டுகிறார். எங்களை உள்ளே விடுவதில்லை. ‘பணம் திரும்பத் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள்.
- பெற்றோர், நாகர்கோவில்

பதில்: உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைக்கு என்றால் யாரும் பேரம் பேசுவதில்லை. அது தெரிந்துதான் இந்தக் கடையே நடக்கிறது.

மூடிய கதவைப் பற்றி எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. வாரத்தில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் பிள்ளை மையத்தில் இருக்கிறான். மற்ற நேரமெல்லாம் உங்களோடு. உள்ளே நடப்பதை நீங்கள் பார்த்து, வீட்டில் செய்தால்தான் அது நிலைக்கும். அம்மாவைக் கண்டால் அழுகிற பிள்ளைகளும் உண்டுதான். அதற்காகச் சில நாள் வெளியே இருக்கச் சொல்லலாம். ஆனால் கண்ணாடி வழியாகவாவது காட்ட வேண்டும், கடைசி ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும், வீட்டுப் பயிற்சி எழுதித் தர வேண்டும். இதில் ஒன்றும் செய்யாமல் கதவை மட்டும் சாத்துகிற இடத்தில் மாதக் கட்டணம்கூடக் கட்டாதீர்கள். நாற்பது வகுப்புக்கு முன்பணம் எதற்கு?

இனி பணம். ரசீதில் அச்சடித்த ஒரு வரி சட்டத்தை மிஞ்சாது. நடக்காத வகுப்புகளின் தொகையைக் கேட்டு, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: மீன்பிடித் தொழில். வாரம் மூன்று வகுப்புக்கு வசதி இல்லை. மகளுக்கு ஆட்டிசம் என்கிறார்கள்.
- முட்டம் வாசகர்

பதில்: ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் போய், வளர்ச்சியில் தாமதம் உள்ள பிள்ளைகளுக்கான மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தரக் கேளுங்கள். 18 வயது வரை இலவசம். பள்ளி வயது என்றால் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலும் விசாரியுங்கள். ஆட்டிசம் உறுதியானால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுத்து, மத்திய அரசின் ‘நிரமயா’ மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை. தெரபிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. விண்ணப்பம் எழுதித் தருகிறேன் என்று ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரே கேளுங்கள்.