இலை தேய்ந்த காப்பு

கேள்வி: அம்மம்மாவின் பழைய நகை ஒன்று என்னிடம் இருக்கிறது. போடுவதில்லை. உருக்கிப் புது மாதிரியில் செய்யலாமா? உங்கள் வீட்டில் இப்படி வழிவழியாக வந்த நகை உண்டா, அதன் கதை என்ன?

பதில்:

எங்கள் வீட்டில் இருப்பது ஒற்றைப் பூட்டுக் காப்பு. இரண்டு பவுண். பூட்டிலுள்ள திருகாணியான சுரையைத் திருகித் திறந்துதான் கையில் போட வேண்டும். வெளிப்புறம் முழுக்க ஒரு கொடி ஓடுகிறது, அதில் பதினாறு இலை. நரம்புகள் கூடத் தெரியும். பூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இலையில் மட்டும் நரம்பு கிடையாது. விரலால் தடவினால் அந்த இடம் வழுவழுவென்று இருக்கும்.

அது உரைகல்லில் தேய்ந்த இலை. நகையை ஈடு வைக்கப் போனால், கறுப்புக் கல்லில் அதை இலேசாக உரசி, விழுந்த கோட்டின் மேல் திராவகம் விட்டு, கோடு எவ்வளவு மங்குகிறது என்று பார்த்துத்தான் மாற்று, அதாவது பொன்னின் தரம், சொல்வார்கள். அம்மம்மா எத்தனை தரம் ஈடு வைத்தாலும் இந்த ஒரு இலையைத்தான் நீட்டுவாராம். மற்றப் பதினைந்தும் மறுகாப்பும் பழுதாகக் கூடாது என்பது அவருடைய கணக்கு.

ஆம், அப்போது இது இணைக் காப்பு. அம்மம்மாவின் கலியாணத்துக்கு அவருடைய தகப்பன் யாழ்ப்பாணம் கன்னாதிட்டியில் பொன்வேலை செய்யும் ஒரு பத்தரிடம் சொல்லிச் செய்வித்தது. கலியாணம் முடிந்து அம்மம்மா கொழும்புக்கு வந்தார். அம்மப்பா அரசாங்கக் கிளாக்கர். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் ஓர் ஒழுங்கையில் வீடு.

காப்பு முதன்முதல் வீட்டைவிட்டு வெளியே போனது 1962இல். 1956இல் சிங்களம் மட்டும் அரச கருமமொழி என்று சட்டம் வந்தது. அதற்குப் பிறகு தமிழ் உத்தியோகத்தர்கள் சிங்களப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அம்மப்பா எழுதவில்லை. சம்பள உயர்வு நின்றது. பிள்ளைகள் மூன்று பேர். அந்த வருடம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது காப்பு இரண்டும் ஈட்டுக்குப் போயின. மீட்டு, 1966இல் திரும்பவும் வைத்து, வட்டி மட்டும் கட்டிக் கட்டிப் பல வருடம் இழுபட்டது.

அதை மீட்டுத் தந்தது மிளகாய். சிறிமாவோ அரசாங்கம் எழுபதுகளில் மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியபோது வடக்கில் தோட்டம் செய்தவர்களின் கையில் காசு புரண்டது. அம்மம்மாவின் தம்பிக்குக் கிளிநொச்சியில் மிளகாய்த் தோட்டம். அவர் யாழ்தேவி ரயிலில் வந்து இறங்கி, வீட்டுக்குக் கூட வராமல், நேரே போய்க் காப்பை மீட்டுக்கொண்டுதான் படியேறினார் என்று அம்மா இன்றைக்கும் கண்கலங்கச் சொல்வார். காப்பைத் தாளில் சுற்றிச் செத்தல் மிளகாய்ச் சாக்குக்குள் வைத்திருந்தாராம். அம்மம்மா அதைக் கையில் போட்டதும் தும்மினாராம்.

அடுத்தது 1983. ஆனி மாதம். வீட்டுக்கூரை ஒழுகியது. காப்பு இரண்டையும் ஓர் அரச வங்கியில் ஈடு வைத்து ஓடு மாற்றினார்கள். ஆறு கிழமைதான் சென்றது. யூலை 25ஆம் தேதி, தமிழருக்கு எதிரான கலவரத்தில், அந்தக் கூரையும் வீடும் எரிந்தன. பின்வீட்டுச் சிங்களக் குடும்பம் மதிலுக்கு மேலால் இவர்களை இழுத்து எடுத்து அறைக்குள் பூட்டி வைத்ததால் உயிர் தப்பியது. அப்புறம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாம், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறை. வீட்டில் இருந்த அட்டியல், தோடு, சங்கிலி எல்லாம் போயின. அம்மம்மாவின் கழுத்தில் கிடந்த தாலிக்கொடியும் வங்கிப் பெட்டகத்தில் கிடந்த காப்பும் தவிர ஒரு குண்டுமணிப் பொன் மிஞ்சவில்லை.

ஈட்டுச் சீட்டும் எரிந்துவிட்டது.

1984 மாசியில் அம்மம்மா கொழும்புக்குத் திரும்பி வந்து, பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டும் சத்தியக் கடதாசியும் கொண்டு அந்த வங்கிக்குப் போனார். அம்மாவும் கூடப் போனவர், அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கவுண்டரில் இருந்தவர் ஒரு வயதான சிங்கள உத்தியோகத்தர். லெட்ஜரைப் புரட்டிப் பெயரைக் கண்டுபிடித்தார். அடையாளம் என்ன என்று கேட்டார். அம்மம்மா தனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில், ஒரு காப்பில் பூட்டுப் பக்கத்து இலை தேய்ந்திருக்கும் என்றார். அவர் உள்ளே போய் ஒரு காகித உறையோடு வந்தார். காப்பை வெளியே எடுத்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒன்றும் பேசாமல் அம்மம்மாவின் பக்கம் தள்ளி வைத்தார்.

மீட்கிற அளவுக்கு அன்றைக்குக் காசு இல்லை. வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கத்தான் போனார்கள். அம்மம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "ஒருக்கால் கையில போட்டுப் பாக்கட்டோ?" அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். அவர் தலையாட்டினார். அம்மம்மா வங்கிக் கவுண்டரில் நின்றபடி இரண்டு காப்பையும் திருகிப் போட்டு, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தானாகவே கழற்றிக் கொடுத்தார். அந்த உத்தியோகத்தரின் பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று அம்மா இத்தனை வருடமும் வருத்தப்படுகிறார்.

மீட்டது 1987இல். அந்த வருடம்தான் அம்மம்மா ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, எந்த வருடம் வைத்தது, எதற்கு வைத்தது, எப்போது எடுத்தது என்று எல்லாவற்றையும் நினைவிலிருந்து எழுதினார். "1966. பெரியவனுக்கு நெருப்புக் காய்ச்சல்." "1983. ஓடு." இப்படி ஒற்றை ஒற்றை வரி.

பிறகு காப்பு பிரிந்தது. அம்மாவுக்கு ஒன்று, சின்னம்மாவுக்கு ஒன்று. முதலில் எடுக்கச் சொன்னபோது அம்மா தேய்ந்ததை எடுத்தார். சின்னம்மா தன்னுடையதைக் கனடாவுக்குக் கொண்டுபோய், ரொறன்ரோவில் உருக்கி, இரண்டு பேத்திகளுக்கும் மெல்லிய சங்கிலி செய்து போட்டார். அதில் எனக்குத் துளி மனக்குறை இல்லை. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அதைப் போடுகிறார்கள்.

ஆகவே உருக்கலாமா என்று கேட்டால், உருக்குவது பாவம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடைக்குப் போகுமுன் சிலதைச் செய்யுங்கள். வீட்டில் மூத்தவர் யாரும் இருந்தால் நகையை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் இருங்கள். நீங்கள் கேட்பதைவிட அவர் தானாகச் சொல்வதுதான் அதிகமாக வரும். பின்பக்கத்தை நன்றாகப் படம் எடுங்கள். பற்றவைக்கப் பொடி வைத்த இடம், பத்தரின் அடையாளம், தேய்வு எல்லாம் அங்கேதான் இருக்கும். நிறையை நீங்களே ஒரு இடத்தில் நிறுத்து எழுதி வையுங்கள். கொழும்பு நகைக்கடைத் தெருவான செட்டியார் தெருவில் நாலு கடை ஏறி இறங்கினால் நாலு கணக்குச் சொல்வார்கள். பழைய நகையில் பொடி வைத்து ஒட்டிய இடங்கள் அதிகம், அதனால் மாற்றுக் குறையும். உருக்கிய பிறகு வரும் நிறை நீங்கள் நினைத்ததாக இருக்காது. அதன் மேல் சேதாரமும் கூலியும் வேறு. இலாபம் என்று நினைத்து உருக்காதீர்கள்.

அந்தத் தெருவில் ஒரு பத்தர் என் காப்பைப் பார்த்து, "இந்த இலையைத் திரும்ப வெட்டித் தரவா?" என்று அன்பாகத்தான் கேட்டார். வேண்டாம் என்றேன்.

2022இல் அம்மாவுக்கு மருந்து தட்டுப்பாடு. டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய நேரம். மருந்துக் கடை கடையாக அலைந்து, கிடைத்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாகக் காப்பை நான் ஈடு வைக்கக் கொண்டுபோனேன். முன்னால் நீண்ட வரிசை, எல்லோர் கையிலும் சின்னச் சின்னப் பை. என் முறை வந்ததும், கவுண்டரில் இருந்த பிள்ளை காப்பை வாங்கி, பூட்டுக்கு எதிர்ப்பக்கத்தைக் கல்லுக்குக் கொண்டுபோனாள்.

"தங்கச்சி, அதில வேண்டாம். இந்த இலையில உரசுங்கோ."

அவள் காப்பைத் திருப்பிப் பார்த்தாள். பெருவிரலால் ஒருமுறை தடவினாள். அந்த இலையிலேயே உரசினாள்.

வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து, அம்மம்மாவின் கையெழுத்துக்குக் கீழே எழுதினேன்: "2022. அம்மாவுக்கு மருந்து." மீட்ட தேதியை 2024 தையில் எழுதினேன்.