சோழிங்கநல்லூரில் வேலை, எங்கே தங்குவது? – கடிதம்

அன்புள்ள அக்கா,

கடையநல்லூரிலிருந்து எழுதுகிறேன். 23 வயது. சோழிங்கநல்லூரில் வேலை கிடைத்திருக்கிறது, ஒன்றாம் தேதி ஜாயினிங். சென்னைக்கு இதுவரை இரண்டு தடவைதான் வந்திருக்கிறேன், இரண்டும் கல்யாணத்துக்கு. வீட்டில் அம்பத்தூர் மாமா வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். கூடச் சேரும் பெண், நாவலூரில் பெரிய அபார்ட்மெண்ட்டில் மூன்று பேராக எடுக்கலாம், செக்யூரிட்டி, கேமரா எல்லாம் உண்டு என்கிறாள். திருவான்மியூரில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். என் பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சும்மா" என்றார் ஓனர். பாதுகாப்பாக இருக்கவேண்டும், ஆனால் வேலை முடிந்து வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரவும் கூடாது. 12,000 வரை கொடுக்க முடியும். எந்த ஏரியா நல்லது?

ஆ.

அன்புள்ள ஆ.,

அக்கா என்று கூப்பிட்டுவிட்டாய், அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன்.

அம்பத்தூரை முதலில் முடித்துவிடுவோம். அங்கிருந்து சோழிங்கநல்லூர் 30 கிலோமீட்டருக்கு மேல். சோழிங்கநல்லூர் இருக்கிற ஓ.எம்.ஆர். சாலையில் மெட்ரோ வேலை வேறு நடக்கிறது. மாமா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தினமும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பஸ்ஸில் கழித்துவிட்டு ராத்திரி அத்தை எடுத்து வைத்த சாப்பாட்டைச் சூடு பண்ணிச் சாப்பிடுகிறவளுக்கு ஊர் எங்கே பழகும்? ஞாயிற்றுக்கிழமை போய்ச் சாப்பிட்டுவிட்டு வா, அது போதும்.

எந்த ஏரியா என்று கேட்டிருக்கிறாய். நானும் அப்படித்தான் கேட்டேன், 1999-இல், சங்கரன்கோவிலிலிருந்து வந்தபோது. வேளச்சேரி என்றார்கள், போனேன். ரூமைப் பார்த்தது ஞாயிறு காலை பதினொரு மணிக்கு, நல்ல வெளிச்சம், காற்று, வாடகையும் குறைவு. மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் பாதி தூரம் காலி மனை என்பதும், அந்த வழி முழுக்க எரிகிறது ஒரே ஒரு விளக்கு என்பதும் வேலைக்குப் போய்த் திரும்பின முதல் ராத்திரிதான் தெரிந்தது. மூன்றாவது வாரம் ஒரு டி.வி.எஸ். 50 பின்னாலேயே மெதுவாக வந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. முனையில் ஷட்டர் இறக்கிக்கொண்டிருந்த மளிகைக்கடை அம்மா என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே கூப்பிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார வைத்து, மகனைக் கூட அனுப்பினார். அடுத்த மாதமே காலி பண்ணிவிட்டேன். அட்வான்ஸில் பாதிதான் திரும்பி வந்தது. அது தனிக் கதை.

அதனால் நான் பார்ப்பது ஏரியாவை இல்லை, பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரைக்கும் உள்ள அந்த அரைக் கிலோமீட்டரை. நீ நிஜமாகத் திரும்பி வரப்போகிற நேரத்தில், ஒரு வார நாளில், ராத்திரி ஒன்பதரைக்கு அதை நடந்து பார். மெடிக்கல் ஷாப் திறந்திருக்கிறதா, பஜ்ஜி கடையில் ஆள் நிற்கிறதா, பெண்கள் நடந்து போகிறார்களா, மாடியில் யாராவது துணி எடுக்கிறார்களா. அந்த அம்மா கடை திறந்திருந்ததால்தான் நான் தப்பித்தேன். அப்புறம் நான் திருவான்மியூரில் போய் இருந்த தெருவில் புங்க மரத்தடியில் ஒரு இஸ்திரி வண்டி. இரண்டு நாள் காய்ச்சலில் வெளியே வரவில்லை என்றால் மூன்றாம் நாள் "எங்கம்மா காணோம்" என்பார் அவர். என் சுடிதார் எது, பக்கத்து வீட்டு டீச்சர் புடவை எது என்று எல்லாம் அவருக்குத் தெரியும், அந்த டீச்சரை எனக்குப் பழக்கிவிட்டதும் அவர்தான். நீ தனித்தனியாகக் கேட்ட இரண்டும் எனக்கு அந்த ஒரு வண்டியிலிருந்துதான் கிடைத்தன.

நாவலூர் அபார்ட்மெண்ட்டில் கேமரா இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பதினாலாவது மாடியில் யாரையும் தெரியாமல் ஒரு வருஷம் இருந்துவிடலாம், கறிவேப்பிலைகூட ஆப்பில்தான் வரும். குடும்பத்தோடு இருப்பவர்களுக்குச் சரி. முதல் தடவை தனியாக வருகிற உனக்கு வேண்டாம் என்பேன்.

என் கணக்கில் முதல் மூன்று மாதம் ஹாஸ்டல். திருவான்மியூர், பெருங்குடி, துரைப்பாக்கம் பக்கம் பார். எஸ்.ஆர்.பி. டூல்ஸ் ஸ்டாப்பில் நின்றால் சோழிங்கநல்லூருக்கு நேர் பஸ், சாதாரண பஸ் என்றால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் காசும் கிடையாது. பெண்கள் விடுதிக்கு லைசென்ஸ் வேண்டும் என்று 2014-லேயே சட்டம் வந்துவிட்டது, கூச்சப்படாமல் காட்டச் சொல்லிக் கேள். வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரசாங்கத்தின் தோழி விடுதி தாம்பரத்தில் இருக்கிறது, இடம் இருந்தால் அதையும் விடாதே. கம்பெனி கேப் எத்தனை மணிக்கு மேல், கேட் வரை வருமா என்று ஹெச்.ஆரிடம் இப்போதே கேட்டுவிடு.

அந்த ஓனர் விஷயம். அதற்கு நான் சமாதானம் எதுவும் சொல்லப்போவதில்லை. பெயரைக் கேட்டு, "நீங்க என்ன ஆளுங்க" என்று கேட்டு, முட்டை சமைப்பீர்களா என்று கேட்டு வீடு கொடுக்கிறவர்கள் திருவான்மியூர், அடையாறு, மயிலாப்பூரில் இன்னமும் நிறையப் பேர். நான் புகழ்கிற பழைய தெருக்களின் மறுபக்கம் இது. பல ஊர் ஆட்கள் வந்து குடியேறிய பெருங்குடி, துரைப்பாக்கத்தில் இந்தக் கேள்வி குறைவு, அதற்காகவே அவற்றையும் சேர்த்துச் சொன்னேன். போனில் விசாரிக்காதே. மூன்று மாதம் ஹாஸ்டலில் இருந்தால் கூட இருக்கும் பெண்களிடமும் மெஸ்காரம்மாவிடமும் வீடு தானாகக் காதில் விழும். உன் பெயரையும் அவர்களே ஓனரிடம் சொல்லிவிடுவார்கள், கேட்டுவிட்டு முகம் மாறுகிறவர்கள் வாசலுக்கு நீ போகவே வேண்டாம்.

வீடு பார்க்கும்போது தண்ணீரை மறந்துவிடாதே. போர் தண்ணியா, லாரியா, கோடையில் லாரிக்காசு யார் தலையில் என்று கேள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் என்றால் காம்பவுண்டு சுவரில் கறைக் கோடு இருக்கிறதா, ஈ.பி. பெட்டியை உயரத்தில் தூக்கி மாட்டியிருக்கிறார்களா என்று பார். "2015 வெள்ளத்துல எவ்வளவு, 2023 மிக்ஜாம் புயல்ல எத்தனை நாள் தண்ணி நின்னுச்சு" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேள், புரோக்கரிடம் கேட்காதே. வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது 2017 வாடகைச் சட்டம். பத்து மாதம் கேட்பார்கள், பேசிக் குறை. 12,000-க்கு அந்தப் பக்கம் தனி வீடு கஷ்டம், ஷேரிங் என்றால் தாராளம்.

பழக்கத்துக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வாரத்தில் ஒரு நாள் ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் போ. எனக்கு அது பெசன்ட் நகர் கடற்கரை, காலை ஆறு மணி. உனக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமாக இருக்கலாம், ஷட்டில் கோர்ட்டாக இருக்கலாம். நாலாவது வாரம் யாராவது ஒருத்தர் "என்ன போன வாரம் வரலை" என்பார்கள்.

பொதிகை ரயிலில்தானே வருவாய்? எழும்பூர் வரை போகாதே. தாம்பரத்திலேயே இறங்கு, மேடவாக்கம் வழியாக சோழிங்கநல்லூருக்கு அங்கிருந்தே பஸ் இருக்கிறது. பெட்டியை ஒன்றோடு நிறுத்திக்கொள், ஹாஸ்டல் அலமாரி ரொம்பச் சின்னது.

அன்புடன்,
அக்கா