மண்டபத்து வேலை: கேமராக்காரர் கேள்வி பதில்

கல்யாணம், நகை, ஆல்பம், ஒலிப்பதிவு பற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சேலம்: அண்ணே, தாலி கட்டும்போது ஃபோகஸ் முகத்தை விட்டு அட்சதைக்கு ஓடுகிறது. என்ன செய்ய?

முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் பறக்கிற எதையும் புதிய பொருளாக எடுத்துக்கொண்டு கேமரா அதன் பின்னால் போகிறது. அதை மெதுவாக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. கேனனில் டிராக்கிங் சென்சிடிவிட்டியை −2க்கும், சோனியில் 1க்கும், நிக்கானில் பிளாக்ட் ஷாட் ரெஸ்பான்ஸை 5க்கும் கொண்டுபோங்கள். குறுக்கே அரிசி வந்தாலும் ஃபோகஸ் பழைய இடத்திலேயே நிற்கும்.

லென்ஸ் துளையை எஃப் 1.8 அளவுக்கு அகலமாகத் திறந்து எடுக்காதீர்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே தூரத்தில் இருக்க மாட்டார்கள், ஒருவர் கண் கூர்மையாக இருந்தால் மற்றவர் முகம் கரைந்துவிடும். எஃப் 4, ஷட்டர் 1/250, 35 மில்லிமீட்டர் லென்ஸ் போதும். ‘கெட்டிமேளம்’ சொன்னதும் பட்டனை அழுத்திப் பிடித்தால் மூன்றாவது முடிச்சு வரும்போது பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பியிருக்கும். ஒவ்வொரு முடிச்சுக்கும் நான்கைந்து படம் என்று விட்டு விட்டு எடுங்கள். முடிச்சு போட நாத்தனார் வருவாரா, எந்தப் பக்கம் நிற்பார் என்று ஐயரிடமோ வீட்டுப் பெரியவரிடமோ முதல் நாள் மாலையே கேட்டுவிடுங்கள்.

இரண்டு கார்டிலும் ஒரே நேரத்தில் பதிவாகிறதா என்று மேடை ஏறும் முன் பாருங்கள். தாலியை மறுபடி கட்டச் சொல்ல முடியாது.

திருநெல்வேலி: ஐம்பதாயிரத்துக்குள் எந்த கேமரா வாங்கலாம்?

கூலிக்கு எடுப்பதென்றால் இரண்டு கார்டு போட இடமுள்ள பழைய பாடி. ஒரே ஸ்லாட் உள்ள புதியது வேண்டாம்.

மதுரை: மண்டப வீடியோவில் கறுப்புக் கோடுகள் ஓடுகின்றன. கேமரா கோளாறா?

இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம், ஷட்டர் 1/60 என்று வைத்தால் அந்தத் துடிப்போடு சேராது. 25 ஃபிரேமுக்கு 1/50, 50 ஃபிரேமுக்கு 1/100 வையுங்கள். மேடைக்குப் பின்னால் இருக்கும் எல்இடி திரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அதன் துடிப்பு வேறு. ஷட்டரைச் சிறு சிறு படிகளில் மாற்றும் வசதி கேமராவில் இருந்தால், கோடு நிற்கும் வரை நகர்த்திப் பாருங்கள். அலங்கார விளக்கை டிம் பண்ணியிருந்தால் முழு வெளிச்சத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், பெரும்பாலும் கோடு குறைந்துவிடும். போட்டோவில் கோடு விழுந்தால் சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள்.

தருமபுரி: மைக் செட்காரரின் மிக்ஸரிலிருந்து எடுத்த ஒலி கரகரக்கிறது.

மிக்ஸர் தருவது லைன் அளவு, மைக் தருவதைவிடப் பல மடங்கு வலுவான சிக்னல். அதைக் கேமராவின் மைக் துளையில் செருகினால் உள்ளே நுழையும்போதே வெட்டுப்படும், அதற்குப் பிறகு லெவலைக் குறைத்துப் பயனில்லை. ரெக்கார்டரில் லைன் இன்புட் தேர்ந்தெடுங்கள், இல்லையென்றால் சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டெனுவேட்டர் கேபிளை நடுவில் போடுங்கள். மந்திரம் ஓதும்போது மீட்டர் −20 டெசிபல் பக்கம் நிற்கட்டும். தவிலும் நாதஸ்வரமும் சேர்ந்து எழும்போது மேலே அந்த இடம் வேண்டும். மாப்பிள்ளைக்குக் காலர் மைக் வைத்தால் மாலை உரசாத தோளில், அங்கவஸ்திரத்தில் குத்துங்கள்.

ஈரோடு: ஆல்பம் கொடுத்த பிறகு பெண் வீட்டார் ரா ஃபைல் (கேமரா பதிவுசெய்த, திருத்தாத மூலக் கோப்பு) கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா?

எழுதிக் கையெழுத்து வாங்கியதில் என்ன இருக்கிறதோ அதுதான். ஒன்றும் எழுதவில்லையென்றால் இழுபறிதான்.

தஞ்சாவூர்: இதில் இழுபறி எங்கே வந்தது? படம் எடுத்தவனுக்குத்தானே உரிமை!

நம்மில் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் பாருங்கள். ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து எடுக்கவைத்த ஒளிப்படத்துக்கும் வீடியோவுக்கும், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். நீங்களாகக் கோயில் திருவிழாவுக்குப் போய் எடுத்த படம் உங்களுடையது. கூலிக்கு எடுத்த கல்யாணப் படத்துக்கு அது பொருந்தாது.

கோவை: அப்படியானால் கேட்டதும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமா?

அதுவும் இல்லை. உரிமை யாருக்கு என்பது ஒரு விஷயம், எந்தக் கோப்பை ஒப்படைப்பதாகப் பேசினீர்கள் என்பது வேறு விஷயம். ‘300 திருத்திய படம், ஒரு ஆல்பம், ஒரு வீடியோ’ என்று பேசியிருந்தால் வேலை அவ்வளவுதான். அதை வாயால் பேசியதோடு விட்டதால்தான் சண்டை. ரா கோப்பு தரப்படாது, அல்லது இன்ன தொகைக்குத் தரப்படும் என்று அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள்.

தஞ்சாவூர்: முப்பது வருடமாக யாரும் எழுதி வாங்கியதில்லை. இப்போது மட்டும் எதற்கு?

முன்பு நெகட்டிவ் ஸ்டூடியோ பீரோவில் இருந்தது, யாரும் கேட்கவில்லை. இன்றைக்கு உங்கள் இன்ஸ்டாகிராமில் அந்தப் பெண்ணின் முகம் விளம்பரமாக நிற்கிறது. அதற்கு அவர்கள் அனுமதி எங்கே? உரிமையும் அவர்களுடையது, முகமும் அவர்களுடையது. ‘எங்கள் வேலையைக் காட்ட இந்தப் படங்களைப் பயன்படுத்தச் சம்மதிக்கிறோம்’ என்ற வரிக்குத் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். சம்மதிக்காத வீட்டுப் படத்தைப் போடவே கூடாது. நாள் கூலிக்கு வரும் இரண்டாவது கேமராக்காரரிடமும் எழுதி வாங்குங்கள், இல்லையென்றால் அதே படம் அவர் பக்கத்திலும் வரும்.

விழுப்புரம்: பட்ஜெட் நாற்பதாயிரம். எந்த கேமரா நல்லது?

திருநெல்வேலிக்குச் சொன்ன பதில்தான்.

காரைக்குடி: தங்க நகை பிளாஸ்டிக் மாதிரி விழுகிறது.

தங்கம் கண்ணாடி போன்றது, சுற்றி இருப்பதைத்தான் காட்டும். நாலு பக்கமும் வெள்ளைத் துணி கட்டினால் விளிம்பு தெரியாமல் மொழுக்கென்று ஆகும். மேலிருந்து டிரேசிங் பேப்பர் வழியாக ஒரு விளக்கு, இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலக் கறுப்புச் சார்ட் துண்டு. சார்ட்டை ஒரு அங்குலம் நகர்த்தினாலே வளையலின் ஓரத்தில் கருங்கோடு ஏறுவதைப் பார்க்கலாம். கல் மின்ன, மூடாத சிறு எல்இடி ஒன்று தனியாக வேண்டும். முழு நகையும் கூர்மையாக வர எஃப் 22க்குப் போகாதீர்கள், துளை மிகவும் சிறுத்து ஒளி பரவும், டிஃப்ராக்‌ஷனால் எல்லாமே மங்கும். எஃப் 8இல் ஃபோகஸை நகர்த்தி இருபது படம் எடுத்து இணையுங்கள். கிரே கார்டு (சாம்பல் நிற அட்டை) வைத்து ஒயிட் பேலன்ஸ் எடுக்காவிட்டால் 22 காரட்டின் நிறம் மாறும், கடைக்காரர் திருப்பி அனுப்புவார்.

ஓசூர்: கல்யாணத்துக்கு ட்ரோன் விட உரிமம் வேண்டுமா?

250 கிராமுக்கு மேல் எடை இருந்து, கூலிக்குப் பறக்கவிட்டால் வேண்டும். 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் அப்படித்தான். எடை எதுவானாலும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் அந்த இடம் பச்சையா, அதாவது தனி அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பகுதியா என்று பாருங்கள்.

கடலூர்: புதிதாகத் தொழிலுக்கு வருகிறேன், கேமரா எது…

மேலே இரண்டு முறை சொல்லிவிட்டேன். இனி இந்தக் கேள்வியை எடுக்கப் போவதில்லை.

நாமக்கல்: கார்டை எப்போது அழிக்கலாம்?

இரண்டு வெவ்வேறு டிஸ்க்கில் நகல் எடுத்து, இரண்டிலும் நடுவிலிருந்து சில படங்களையும் கடைசிப் படத்தையும் திறந்து பார்த்த பிறகு. ஒரு நகல் வேறு கட்டடத்தில் இருக்கட்டும். கணினியில் அழிக்காமல், அந்தக் கார்டு போகப்போகும் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். நகல் எடுக்காமல் தவறி அழித்தது தெரிந்தால் அந்தக் கார்டில் அதற்கு மேல் ஒரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள், மீட்க வழி இருக்கும்.

திண்டுக்கல்: 12க்கு 36 ஆல்பத்துக்கு எவ்வளவு பிக்சல்?

300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) 10,800க்கு 3,600. எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் சேமியுங்கள். மடிப்பு 18ஆவது அங்குலத்தில் விழும், அதன் மேல் யார் முகமும் வர வேண்டாம். ஓரத்தில் அரை அங்குலம் வெட்டுக்கு விடுங்கள். சிவப்புப் பட்டின் ஜரிகை திரையில் நன்றாகத் தெரிந்தும் அச்சில் அப்பிப்போகும், முதலில் ஒரு தாளை மட்டும் அடித்துப் பார்த்துவிட்டு மீதியை அனுப்புங்கள்.