முதலில் பெண்ணுக்குச் சோறு போடுங்கள்

கேள்வி: என் மகளுக்கு 15 வயது. 1500 மீட்டர் ஓடுகிறாள். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பயிற்சியாளர் சொன்னதால் இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். ஐந்து மாதமாக மாதவிலக்கு வரவில்லை. கடும் பயிற்சி எடுக்கும் பெண்களுக்கு இது சகஜம் என்கிறார் அவர். புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய், நாமக்கல்

பதில்: பவுடர் இருக்கட்டும் அம்மா. இந்த வாரமே மகளை மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தைராய்டு, நீர்க்கட்டி போன்ற காரணங்கள் உண்டா என்று அவர் பார்க்கட்டும். இரவுச் சோற்றை நிறுத்திய பிள்ளைக்கு மாதவிலக்கும் நின்றிருக்கிறது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

ஓட்டத்துக்குச் செலவானது போக மிஞ்சும் சக்தியில்தான் உடம்பு மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அது போதாதபோது மூளை சினைப்பைக்கு அனுப்பும் கட்டளையைத் தளர்த்திவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோன் குறைகிறது, அதனால் எலும்பு வலுவிழக்கிறது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லேயே இதற்குத் தனிப் பெயர் சூட்டி, ஆண்களுக்கும் இது வரும் என்று எச்சரித்தது. இன்னமும் ‘சகஜம்’ என்று சொல்கிற பயிற்சியாளர் மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. ஆயுள் முழுவதும் தாங்க வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பகுதி இருபது வயதுக்குள் சேர்ந்துவிடும். இப்போது சேராததைப் பின்னால் எந்தக் கால்சியம் மாத்திரையாலும் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

எடை குறைந்த புதிதில் ஓடி முடிக்கும் நேரமும் சற்றுக் குறையலாம். பலர் ஏமாறுவது இங்கேதான். பிறகு கணுக்காலுக்கு மேலே ஓயாத வலி, ஸ்கேனில் எலும்பு விரிசல், மாதக்கணக்கில் ஓய்வு. 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நொடியில் நூறில் ஒரு பங்கில். அங்கே தகுந்த சாப்பாடு கிடைக்காமல் கஞ்சியும் ஊறுகாயும் சாப்பிட்டதாகவும், கடைசி 35 மீட்டரில் தெம்பு குறைந்ததற்கு அதுவே காரணம் என்றும் அவரே பின்னாளில் சொன்னார். உங்கள் வீட்டில் சோறு இருக்கிறது. அதைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

காலையில் வெறும் வயிற்றோடு மைதானத்துக்கு அனுப்பாதீர்கள். இரண்டு வாழைப்பழமாவது போகட்டும். திரும்பியதும் இட்லியோடு முட்டை. இரவில் சோறு, பருப்பு, கிடைத்தால் மீன். நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. பவுடருக்குக் கொட்டும் பணம் மிச்சம். சாப்பாட்டோடு டீ வேண்டாம், இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் அளவையும் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள்.

ஹார்மோன் மாத்திரையால் மாதவிலக்கு வந்துவிட்டது என்பதற்காகச் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். சாப்பாட்டுக் குறை அப்படியே இருக்கும். மாதவிலக்கு தானாகத் திரும்பும்வரை, மருத்துவர் சொல்லும் அளவுக்குப் பயிற்சியைக் குறைக்கும்படி பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். மறுத்தால் வேறு பயிற்சியாளரைப் பாருங்கள்.